மழைக்காலத்தில் படகு எஞ்சினைப் பாதுகாப்பது குறித்து உதவி தேவை

குழு உறவுகளுக்கு வணக்கம். தேவகோட்டையில் வசிக்கும் நாங்கள், தொண்டிக் கடலில் குடும்பத்தோடு சென்றுவர வைத்திருக்கும் சிறிய ஃபைபர் படகை, வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தவிருக்கிறோம். குளிர்நாடுகளில் உறைபனிக்கு முன் செய்யும் பராமரிப்பை, இங்கே உப்புக்கும் ஈரத்துக்கும் ஏற்றவாறு நானே செய்ய விரும்புகிறேன். படகின் பின்புறம் வெளியே பொருத்தும் அவுட்போர்டு எஞ்சினை நன்னீரில் ஓடவிட்டுக் கழுவியாயிற்று. ஆனால் கியர் ஆயிலை வடித்தபோது பால் கலந்ததுபோல் வெளுத்து வந்தது, தண்ணீர் புகுந்திருக்கிறது. தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை (seal) இப்போதே மாற்ற வேண்டுமா, புது ஆயில் நிரப்பி வைத்துவிட்டுத் தை மாதம் மாற்றலாமா? 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை ஈர்த்து, நாளடைவில் நீரும் எத்தனாலும் அடியில் பிரிந்துவிடக்கூடும் என்பதால், டேங்கையும் கார்புரேட்டரையும் முழுவதும் வடித்துவிடுவதே நல்லதென்று கருதுகிறேன். ஸ்பார்க் பிளக் துளை வழியே சிலிண்டருக்குள் துருப்பிடிக்காமலிருக்கத் தெளிக்கும் ஃபாகிங் ஆயில் காரைக்குடிப் பக்கம் எங்கே கிடைக்கும் என்பதையும் அறிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.