4.49-ஆ, 4.50-ஆ? கடற்கரைக் காற்றில் பெல்லட் வைத்திருப்பது எப்படி?

வணக்கம். 10 மீட்டர் ஏர் ரைபிள், அழுத்தக் காற்றுச் சிலிண்டர் வகை. கடலூரில் பயிற்சி. பெல்லட் (ஈயக் குண்டு) விஷயத்தில் அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்.

ரைபிளை வைஸில் (பிடிக்கருவியில்) இறுக்கி, 4.49, 4.50 மி.மீ. என இரண்டு தலை அளவிலும் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்த்தாயிற்று. இரண்டுமே 0.53 கிராம், தட்டை மூக்கு. 4.50 எல்லாம் ஒரே ஓட்டையில் விழுகிறது. 4.49-ல் நான்கு சேர்ந்து விழ, ஒன்று மட்டும் வலப்பக்கம் கீழே ஒன்பதாம் வளையத்துக்கு ஓடுகிறது. இலக்கின் நடுவிலுள்ள பத்து என்பது வெறும் 0.5 மி.மீ. புள்ளி, அதனால் இதை விட்டுவிட முடியாது. குழலை ஃபெல்ட் போட்டுத் துடைத்தாயிற்று, ஸ்க்ரூக்கள் இறுக்கம்தான், சிலிண்டரில் அழுத்தமும் போதுமானது.

சந்தேகம் டின் மீது. திறந்து வைத்த 4.49 டின்னில் சில குண்டுகளின் பாவாடை (பின்பக்க விரிவு) விளிம்பில் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கிறது. உப்புக் காற்றில் ஈயம் பூத்துவிடுகிறது. (அந்தத் தூளைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.) விளிம்பு நசுங்கியதையும் பூத்ததையும் பொறுக்கிவிட்டுச் சுட்டால் 4.49 சரியாகுமா, இல்லை குழலுக்கே 4.50தான் பொருத்தமா?

புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் டின்னை எப்படி வைக்கிறீர்கள்? சிலிக்கா ஜெல் பை போதுமா, லேசாக எண்ணெய் தடவுகிறீர்களா? ஸ்பிரிங் ரைபிளில் எண்ணெய் பற்றிக்கொண்டு வேகம் தாறுமாறாகும் என்பது தெரியும். சிலிண்டர் ரைபிளில் தடவிச் சுட்டவர்கள் குழு அளவோடு (ஓட்டைகள் எவ்வளவு அகலத்துக்குள் விழுந்தன என்று) எழுதுங்கள்.