இனமாதல், இனமாக்கல்: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினர்க்கு,

வணக்கம். சமூகவியல் பாடநூலுக்கு 'ரேஸ்' (உடற்குறி பார்த்து வகுக்கும் இனம்), 'எத்னிசிட்டி' (மொழி, பண்பாட்டால் அமையும் இனம்) ஆகியவற்றின் தமிழைத் தேடித் தொடங்கிய நம் மடல் இழை, ஓரிடத்தில் நின்றுவிட்டது: இனம் இயற்கை தந்ததன்று, சமூகம் உண்டாக்கியது என்று சொல்லும் 'சோஷியல் கன்ஸ்ட்ரக்ட்' என்பதற்குத் தமிழ் 'சமூகப் புனைவா, சமூகக் கட்டமைப்பா'? இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

'புனைவு' என்றதும் மாணவர் மனத்தில் கதையும் கற்பனையும்தான் வரும். தென்னாப்பிரிக்காவில் 1950இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தின் பெயரில் பதிந்தது. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரை மணக்கலாம் என்பதெல்லாம் அந்தப் பதிவைப் பொறுத்தே அமைந்தன. அதனால் வீடிழந்தவரிடம் போய் 'அது புனைவு' என்று சொல்ல எனக்கு நா எழாது. 'கட்டமைப்பு' என்ற சொல்லோ சாலைக்கும் பாலத்துக்கும் போய்விட்டது. தவிர, இவ்விரு சொற்களிலும் செய்தவர் யார் என்ற கேள்வியே எழுவதில்லை. என் முக்கியமான குறை இதுதான்.

'இனம்' என்பதை விட்டுவிடலாம் என்று பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார். விலங்கியலில் 'பேரினம், சிற்றினம்', கால்நடையில் 'காங்கேயம் இனம்' என்று வழங்குவதால், மனிதருக்கும் அதே சொல்லை வைத்தால் பிறவி வேறுபாடு என்ற எண்ணம் ஊறிவிடும் என்பது அவர் அச்சம். அச்சம் நியாயமானது. ஆனால் அந்தச் சொல் பழைய தமிழில் இரத்தத்தை மட்டும் குறித்து நின்றதில்லை. குறளின் 46ஆம் அதிகாரம் 'சிற்றினம் சேராமை'. அங்கே இனம் என்பது ஒருவன் சேர்ந்து பழகும் கூட்டம்; நிலத்தின் இயல்பால் நீர் திரிவதுபோல, சேர்ந்த இனத்தால் அறிவு மாறும் என்கிறார் வள்ளுவர். குறளில் சேரவும் விலகவும் முடிந்த ஒன்றாக இருந்த இனத்தைப் பிறவியோடு இறுகப் பிணைத்தது பிற்காலம்.

அந்தப் பிணைப்பு நடந்த இடங்களில் ஒன்று நம் எழும்பூர். அரசு அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் பொறுப்பேற்றிருந்த எட்கர் தர்ஸ்டன், ஆட்களை நிறுத்தி வைத்துத் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கு 'மூக்குக் குறியெண்' என்று பெயர். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூலில் சாதிப் பெயர்களின் பக்கத்தில் இத்தகைய அளவுகள் நிற்கின்றன. மூக்கு இயற்கை தந்தது. அதை அளந்து, எண்ணாக்கி, அந்த எண்ணை ஒரு கூட்டத்தின் முகவரியாக்கியது ஓர் அலுவலகத்தின் வேலை.

இன்னும் நெருக்கமான சான்று ஆங்கிலோ இந்தியர். அரசமைப்புச் சட்டத்தின் 366ஆம் உறுப்பு, தந்தைவழி ஆண் முன்னோர் ஒருவராவது ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும் என்கிறது. பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் அண்ணனும் தங்கையும் தமிழ்க் குடும்பங்களில் மணம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பிள்ளைகள் சட்டப்படி ஆங்கிலோ இந்தியர்; தங்கை பிள்ளைகள் அல்லர். ஞாயிற்றுக்கிழமை ஒரே பாட்டியின் மேசையில் தேங்காய்ப்பால் விட்ட மஞ்சள் சோறும் உருண்டைக் கறியும் சாப்பிடும் பிள்ளைகள்தாம் இருவரும்! அந்தச் சோறு, வீட்டு ஆங்கிலம், கிறிஸ்துமஸ் கூடல் ஆகியவை அவர்கள் தாமே வளர்த்துக்கொண்டவை. சட்டத்தின் கோடு வெளியிலிருந்து வந்தது.

கடல் கடந்தாலும் கதை இதுதான். அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 'இந்து' ஓர் இனத்தின் பெயர். அப்போது அங்கே இருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் சீக்கியர்கள். 1970இல் இந்தியர் 'வெள்ளையர்' பட்டியலில் எண்ணப்பட்டார்கள். 1980இல் 'ஆசிய இந்தியர்' என்று தனிக் கட்டம் வந்தது. சென்னையிலிருந்து அறுபதுகளில் போய்க் குடியேறிய ஒருவர், உடம்பில் எந்த மாற்றமும் இல்லாமல் இந்த இரு கணக்குகளிலும் இரு இனத்தவரானார்.

ஆகவே என் முன்மொழிவு: 'இனம்' இருக்கட்டும், வினையைச் சேர்ப்போம். நம் இலக்கணத்தில் 'ஆகு' தன்வினை, 'ஆக்கு' பிறவினை. மொழி, உணவு, வழிபாடு, நினைவு ஆகியவற்றால் மக்கள் தாமே ஒரு கூட்டமாகத் திரள்வது இனமாதல். அதிகாரம் உடையவர் பிறரை உடற்குறி பார்த்து வகுத்து, அதைப் பிறவியென்று நிறுத்துவது இனமாக்கல். 'ரேஸ் ஒரு சோஷியல் கன்ஸ்ட்ரக்ட்' என்ற வாக்கியத்தை 'இனம் என்பது சமூகம் ஆக்கியது' என்று எழுதலாம். 'இனமாக்கப்பட்டோர்' என்று எழுதினாலோ, ஆக்கியவர் யார் என்று மாணவர் கேட்டே தீருவார். நடைமுறையில் இரண்டும் கலந்தே வரும் என்பது உண்மை. இனமாக்கப்பட்டவர்கள் அதே பெயரின்கீழ் திரண்டு உரிமை கேட்பதும் உண்டு. அதைச் சொல்லவும் இந்த இணை போதும்.

'எத்னிசிட்டி'க்கு இலங்கை வழக்கான 'இனத்துவம்' எனக்கு முழுச் சம்மதம். சிக்கல் 'ரேசிசம்' என்பதில்தான். இங்கே 'இனவெறி', 'நிறவெறி' என்கிறோம். இலங்கையில் 'இனவாதம்' என்கிறார்கள். வெறி என்றால் தனியாள் கோபம்போல் தொனிக்கிறது, சட்டமும் பதிவேடும் செய்வதை அது காட்டுவதில்லை. நான் 'இனவாதம்' பக்கம் சாய்கிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் அந்தச் சொல்லை எந்தெந்த இடங்களில் ஆள்கிறார்கள் என்று எடுத்துக்காட்டுகளுடன் எழுதினால், அடுத்த வாரம் சொல்லடைவில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்