திங்கட்கிழமைக்குள் ஒரு சொல்: மனத்திறனா, துணிதிறனா, தெளிவா?

செ., சிங்கப்பூர்:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். அவசரம். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் தமிழ் மூத்தோருக்கு ஒரு விளக்கக் கூட்டம் நடக்கிறது. நீடித்த அதிகாரப் பத்திரம் பற்றியது. பின்னாளில் எனக்கு முடிவெடுக்க முடியாமல் போனால் என் பணத்தையும் என் நலனையும் இன்னார் பார்த்துக்கொள்ளட்டும் என்று, நன்றாக இருக்கும்போதே எழுதிவைப்பது. இங்கே 2008இல் இயற்றிய சட்டம், 2010இல் நடப்புக்கு வந்தது. 21 வயதானவர் எழுதலாம். எழுதுகிறவருக்குத் தாம் என்ன செய்கிறோம் என்று புரிகிறதா, யாராவது நெருக்கினார்களா, ஏமாற்றினார்களா என்று ஒருவர் பேசிப் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். அந்தப் 'பார்ப்பதற்கு'த்தான் சொல் கேட்கிறேன்.

"மனத்திறன் மதிப்பீடு" என்று போட்டிருந்தேன். ஒத்திகைக்கு வந்த ஒரு பாட்டி, "எனக்கு எதுக்கும்மா பரீட்சை? நான் மூணாங்கிளாஸோட நின்னவ" என்று எழுந்து போய்விட்டார். சுவரொட்டியில் இரண்டு சொல்லுக்குத்தான் இடம். திங்கள் காலை அச்சு.

இரா., தஞ்சாவூர்:

பாட்டி சொன்னது சரி. மனத்திறன் என்றால் மனக்கணக்குப் போட்டி போலத்தான் ஒலிக்கிறது. 'எண்ணித் துணிக கருமம்' என்ற இடத்தில் துணிதல் என்றால் என்ன? முடிவுசெய்தல். அதற்கு வீரம் என்ற பொருளே இன்று முன்னால் வந்து நிற்கிறது. எனவே 'துணிதிறன்'. வினைத்தொகை, முக்காலமும் அடங்கும், வல்லினம் மிகாது. பத்திரம் வடசொல், ஆவணம் என்று மாற்றுக. 'நீடித்த' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். இனி நீடிக்கப்போகும் ஒன்றுக்கு அது பொருந்தாது. 'நீடதிகார ஆவணம்' எனலாம்.

மு., கோவை:

ஐயா, துணிதிறன் பார்க்கிறோம் என்று பலகை வைத்தால் பாட்டி ஜாக்கெட் துணியோடு வந்து நிற்பார். தவிர, 'அதிகாரம்' மட்டும் எந்த ஊர்ச் சொல்லாம்?

கு., லண்டன்:

நான் இங்கை ஆஸ்பத்திரிகளிலை மொழிபெயர்த்துச் சொல்லுறவன். சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு மாதிரியே இங்கத்தை 2005ஆம் ஆண்டுச் சட்டம்தான், ஆனபடியால் அனுபவத்தைச் சொல்லலாம். எங்கடை ஊரிலை பவர் பத்திரத்தை 'அற்றோணித் தத்துவம்' எண்டுதான் சொல்லுறது. இலங்கைச் சட்டத் தமிழிலை தத்துவம் எண்டால் அதிகாரம். ஒரு ஐயாவிட்டை "தத்துவம் குடுக்கப் போறியளோ?" எண்டு கேட்டன். பக்கத்திலை இருந்த அவற்றை சென்னை மருமகன், மாமா வேதாந்தத்திலை இறங்கிட்டார் எண்டு நினைச்சிட்டார்.

'இயலளவு' எண்டும் எங்கடை ஆக்கள் எழுதுவினம். அதை வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். அளவு எண்டு வந்தால் கூட, குறைய எண்டு வரும். சட்டம் அளக்கேல்லை. நாலே கேள்விதான். சொன்னது விளங்குதோ, முடிவெடுக்கும் மட்டும் நினைவிலை நிக்குதோ, அதை வைச்சு நல்லது கெட்டது சீர்தூக்க முடியுதோ, முடிவைத் தெரியப்படுத்த முடியுதோ. வாய்தான் வேணும் எண்டில்லை, சைகையாலும் சொல்லலாம்.

வ., மதுரை:

வழக்கறிஞனாக ஒரு சேர்க்கை. நம் ஊர் பவர் பத்திரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்லாவிட்டால் சொல்லாக்கம் வீண். இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவுப்படி, எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் முகமை, அதாவது அவர் சார்பில் செயல்படும் அதிகாரம், அன்றோடு முடிந்தது. எப்போது மிகவும் தேவையோ அப்போது செத்துப்போகும் பத்திரம். சிங்கப்பூரில் அதே நேரத்தில்தான் அது உயிர்பெறுகிறது. அதனால் 'நீடித்த' என்பதை இலக்கணம் காட்டித் தள்ளாதீர்கள். 'நிரந்தர' என்று சிலர் எழுதுவதுதான் தப்பு. தெளிவாக இருக்கும்வரை அவரே ரத்துசெய்யலாம், இறந்தால் அதுவும் முடிந்தது.

இன்னொன்று. 'பரிசோதனை' என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அங்கே சான்றளிப்பவர் அங்கீகாரம் பெற்ற மருத்துவராக இருக்கலாம், மனநல மருத்துவராக இருக்கலாம், வழக்கறிஞராகவும் இருக்கலாம். நான் ஸ்டெதஸ்கோப்புக்கு எங்கே போவது?

இரா., தஞ்சாவூர்:

திறன் வேண்டாமென்றால் 'மதிநிலை'. மதி என்றால் அறிவு, மதி என்றால் நிலவு. மதிப்பீடு, மதிப்பு எல்லாம் அந்த அடியே. வடமொழி 'மதி'யிலிருந்து வந்தது என்பார் வரட்டும், பேசுவோம். நிலவு தேயும், வளரும். மறதிநோய் உள்ளவர் காலையில் தெளிந்தும் மாலையில் மயங்கியும் இருப்பதை இதைவிட அழகாக எந்தச் சொல் சொல்லும்?

ந., திருச்சி:

தொல்காப்பிய இடையியலில் 'மதி' முன்னிலை அசைச்சொல். 'சென்மதி' என்பதில் மதிக்குத் தனிப்பொருளே கிடையாது. பொருளில்லாத சொல்லை வைத்து ஒருவரின் மனநிலையை மதிப்பிடப் போகிறீர்கள்.

இரா., தஞ்சாவூர்:

அந்த அசை வேறு, இந்தப் பெயர் வேறு என்பது தங்களுக்கும் தெரியும். ஆவண வழக்கென்றாலே திருவெண்ணெய்நல்லூர்தான். கிழவர் ஓலையோடு வந்து, உன் பாட்டன் எழுதிக்கொடுத்தது, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்கிறார். வழக்கில் தோற்ற பிறகு பாடிய முதல் பாட்டே 'பித்தா பிறைசூடீ'. பித்தும் மதியும் அடுத்தடுத்த சொற்கள்!

வ., மதுரை:

அங்கே ஓலையின் கையெழுத்தைத்தான் ஒப்பிட்டார்கள். எழுதிய பாட்டனாருக்குத் தெளிவிருந்ததா என்று ஊரவையில் யாரும் கேட்கவில்லை. மேல்முறையீட்டுக்கு நல்ல காரணம்.

செ., சிங்கப்பூர்:

ஐயா, இன்று சனி. சுந்தரர் திங்களுக்குள் அச்சேறமாட்டார்.

கு., லண்டன்:

தங்கச்சி, 'தெளிவு' எண்டு போட்டால் என்ன? வீட்டிலை எல்லாரும் அதைத்தானே கேட்கினம், "அம்மா இப்ப தெளிவா இருக்கிறாவோ?" எண்டு. அதிலை 'இப்ப' எண்டது முக்கியம். பட்டம் மாதிரி ஆளிலை ஒட்டியிருக்கிற சாமான் இல்லை இது. இந்த நேரம், இந்த ஒரு விசயம். கடைக்கணக்குப் பார்க்க ஏலாத கிழவிக்கு, தன்ரை மூத்த மகளை நம்பலாமோ இளையவளை நம்பலாமோ எண்டு நல்லாத் தெரியும்.

மு., கோவை:

எங்கள் பக்கம் "தெளிஞ்சிருச்சா?" என்றால் முதல் நாள் இரவு என்ன குடித்தார் என்றுதான் அர்த்தம். ஆனாலும் என் ஓட்டு தெளிவுக்கே.

வ., மதுரை:

எனதும். பத்திர எழுத்தர்கள் காலங்காலமாக "சுயபுத்தியுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும்" என்று எழுதிவருவதில் பாதி வேலை இதுதான். ஒன்றைமட்டும் அடியில் சிறிய எழுத்திலாவது சேர்த்துவிடுங்கள்: தெளிவு இருக்கிறது என்றே சட்டம் முதலில் கொள்ளும். இல்லை என்பவர்தான் காட்ட வேண்டும். ஒருவர் எடுத்த முடிவு நமக்கு அசட்டுத்தனமாகத் தெரிகிறது என்பதற்காக அவருக்குத் தெளிவில்லை என்று ஆகாது. பிள்ளைகள் படிக்க வேண்டிய வரி அது.

இரா., தஞ்சாவூர்:

தெளிவு ஒரு நிலை. திறன் அன்று. ஆங்கில மூலத்தில் 'கெப்பாசிட்டி', அதாவது திறன், இருக்கிறது. மேலும் 'தேரான் தெளிவும்' என்ற குறளில் தெளிவு என்றால் நம்பிக்கை. நீங்கள் எழுதுவது அறிவைப் பற்றியா, நம்பிக்கையைப் பற்றியா?

கு., லண்டன்:

ரெண்டையும் பற்றித்தானே ஐயா.

செ., சிங்கப்பூர்:

'முடிவெடுக்கும் தெளிவு' என்று அனுப்பிவிட்டேன். வ. சொன்ன வரியும் அடியில் இருக்கிறது. 'நீடித்த', 'பத்திரம்' இரண்டும் அப்படியே இருக்கின்றன, இரா. ஐயா மன்னிக்க வேண்டும். பாட்டியிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "அது இருக்கு" என்றார்.

இன்னொரு இடம் பாக்கி. அதிகாரம் பெற்றுக்கொள்பவரை 'பெறுநர்' என்று போட்டால் கடிதத்தின் தலைப்பு மாதிரி இருக்கிறது. எழுதிக்கொடுப்பவரைக் 'கொடையாளர்' என்றால் சொத்தைத் தானம் செய்துவிட்டதாகப் பயப்படுகிறார்கள். இன்று இரவு வரை நேரம் உண்டு.

இரா., தஞ்சாவூர்:

முந்தைய சொல்லில் என் மறுப்பைக் குழுவின் பட்டியலில் 'துணிதிறன்' என்று அடைப்புக்குறிக்குள்ளாவது பதிவுசெய்க. பெறுநர் பற்றி: 'இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்'. இதில் 'விடல்' என்பதைக் கவனியுங்கள். விடு, விடை, விடுநர் என்று ஒரு கிளை போகிறது. உண்டுவிட்டு வந்து விரிவாக எழுதுகிறேன்.