மறு: மாக் டிராஃப்ட் - ஒரே சொல் போதுமா?

எல்லாருக்கும் வணக்கம். என்எஃப்எல்ங்கற அமெரிக்கக் கால்பந்து லீக்ல அணிகள் வருஷா வருஷம் புது ஆட்டக்காரங்களை வரிசையா எடுக்கறது 'டிராஃப்ட்', அதுக்கு முன்னாடியே எந்த அணிக்கு யாருன்னு மத்தவங்க எழுதிப் பாக்கற பட்டியல் 'மாக் டிராஃப்ட்'. இதுக்கெல்லாம் நாம தமிழ்ச் சொல் தேடற பேச்சுக்குத் தான் இந்தப் பதில்.

> போலி வரைவு, மாதிரி வரைவு, மாதிரி ஏலம். இதுல ஏதோ ஒண்ணை வெச்சு முடிச்சுடலாமே.

மூணுமே இடிக்குதுங்க. 'வரைவு'ன்னு பாத்ததும் நம்ம ஆளுங்களுக்கு வரைவு மசோதா, வரைவு வாக்காளர் பட்டியல் தான் ஞாபகம் வரும், இங்க யாரும் எதையும் எழுதல, ஆள் எடுக்கறாங்க. 'ஏலம்' ஐபிஎல் பழக்கத்துல வாயில வர்றது, ஆனா என்எஃப்எல்ல காசு கூவி ஆள் எடுக்கறதே கிடையாது. 32 அணி, 7 சுற்று, போன சீசன்ல ரொம்ப மோசமா ஆடின அணிக்கு முதல் வாய்ப்பு, இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஜெயிச்ச அணிக்கு அந்தச் சுற்றுல கடைசி வாய்ப்பு. தெருவுல டீம் பிரிக்கறப்ப ரெண்டு கேப்டனும் மாத்தி மாத்தி ஆள் கேப்பாங்களே, அந்த முறை தான். அதனால டிராஃப்டுக்கு 'தெரிவு'ங்கறது என் முடிவு. 'தேர்வு'ன்னு வெச்சா பரீட்சையோட குழம்பும், 'தெரிவு' ஈழத்துல தினமும் புழங்கற சொல், 'தெரிவு செய்தார்கள்'னா அங்க சின்னப் பசங்களுக்கும் புரியும்.

'பிக்'குக்கு, அதாவது ஒரு அணி தன் முறை வர்றப்ப ஆள் எடுக்கற வாய்ப்புக்கு, ஒருத்தர் 'எடுப்பு'ன்னு போட்டிருந்தார். ஆள் எடுத்த பிறகு அதை எடுப்புன்னு சொல்லலாம், ஆனா எடுக்கறதுக்கு முன்னாடியே அதை வித்து வாங்கறாங்களே? 2023ல கரோலைனா பாந்தர்ஸ் அணி ஆள் எடுக்கற வரிசையில முதல் இடத்துக்கு வர்றதுக்காக சிகாகோ பேர்ஸுக்கு அந்த வருஷத்து 9-வது, 61-வது இடம், 2024 முதல் சுற்று, 2025 ரெண்டாம் சுற்று, அதோட டி.ஜே.மூர்ங்கற ஆட்டக்காரரையும் குடுத்தாங்க. கைமாறினதுல மூர் ஒருத்தர் தான் ஆளு, மிச்சமெல்லாம் வெறும் உரிமை. அந்த 2024 உரிமையே கடைசில முதல் இடமா வந்து, பேர்ஸ் கேலப் வில்லியம்ஸை எடுத்தது அதுல தான். அதனால 'தெரிவுரிமை'ன்னா கச்சிதமா உக்காருது.

> சரி, அப்ப மாக் டிராஃப்ட் = மாதிரித் தெரிவு. ஒத்துக்கறோம், அடுத்த சொல்லுக்குப் போவோம்.

இங்க தான் நான் கொஞ்சம் நிக்கணும்னு கேட்டுக்கறேன். மாக் டிராஃப்ட்னு ஒரே பேர்ல ரெண்டு வேற வேற வேலை நடக்குது. ஒண்ணு, இந்த அணி யாரை எடுக்கும்னு சொல்றது. இன்னொண்ணு, யாரை எடுக்கணும்னு சொல்றது. ரெண்டையும் ஒரே தராசுல நிறுத்தினா மதிப்பீடே தப்பாப் போயிடும், அதுக்கு அட்லாண்டா ஃபால்கன்ஸோட 2024 கதையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

அந்த மார்ச்ல ஃபால்கன்ஸ் கர்க் கசின்ஸை 4 வருஷத்துக்கு 18 கோடி டாலர் ஒப்பந்தத்துல கொண்டு வந்தாங்க, அதுல 10 கோடி உத்தரவாதம். கசின்ஸ் ஒரு குவார்ட்டர்பேக், அதான் பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தறவர், அதனால அந்த இடத்துக் கவலை தீந்துச்சுன்னு ஊரே நம்புச்சு. கையில 8-வது இடம். அவங்களுக்கு ரொம்ப வருஷமாவே எதிரணி குவார்ட்டர்பேக்கை ஓரத்துலேர்ந்து பாஞ்சு அமுக்கற ஆள் பஞ்சம், அதான் எட்ஜ் ரஷ்ஷர், அதனால எக்கச்சக்கமான மாக் டிராஃப்ட்ல 8-வது இடத்துல அலபாமா பல்கலைக்கழக அணியோட டாலஸ் டர்னர் பேர் தான் இருந்துச்சு. ஏப்ரல் 25, டெட்ராய்ட்ல மேடையில வாசிச்ச பேர் மைக்கேல் பெனிக்ஸ், இன்னொரு குவார்ட்டர்பேக்! டர்னர் 17-வது இடத்துல மினசோட்டாவுக்குப் போனார்.

கணிப்புன்னு பாத்தா டர்னர் பேர் போட்ட எல்லாருக்கும் சைபர் தான், அதுல பேச்சே இல்ல. ஆனா யோசனைன்னு பாத்தா? அடுத்த வருஷமே, 2025ல, இதே ஃபால்கன்ஸ் முதல் சுற்றுலேயே ரெண்டு பேரை எடுத்தாங்க, 15-வது இடத்துல ஜேலன் வாக்கர், 26-வது இடத்துல ஜேம்ஸ் பியர்ஸ், ரெண்டு பேருமே எட்ஜ், அதுவும் அந்த 26-வது இடத்துக்காக ராம்ஸ் அணிக்கு 2026 முதல் சுற்று உரிமையையே தூக்கிக் குடுத்தாங்க. அப்ப நோவு எங்கன்னு அந்த மாக் டிராஃப்ட் எழுதினவங்க சரியாத்தானே பாத்திருக்காங்க, மருந்து ஒரு வருஷம் தள்ளி வந்துச்சு. இன்னொரு பக்கம், கசின்ஸை 2024 டிசம்பர்லயே உக்கார வெச்சுட்டு பெனிக்ஸை இறக்கினாங்க, அதனால அணி நிர்வாகம் பண்ணதுலயும் காரணம் இருந்துச்சுன்னு சொல்லணும்.

அதனால ரெண்டு சொல் வேணும்: கணிப்புத் தெரிவு, பரிந்துரைத் தெரிவு. பொதுவா சொல்லணும்னா மட்டும் 'மாதிரித் தெரிவு' இருக்கட்டும்.

> பரிந்துரைன்னா எப்படி மதிப்பிடறது? அவனவன் இஷ்டத்துக்கு எழுதுவானே.

இஷ்டத்துக்கு எழுத முடியாதுங்க, அதுக்கும் கணக்கு இருக்கு. டாலஸ் கவ்பாய்ஸ் கோச்சா இருந்த ஜிம்மி ஜான்சன் 90கள்ல புழக்கத்துக்குக் கொண்டு வந்த, ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பு போட்ட புள்ளி அட்டவணை இன்னிக்கும் பேச்சுல இருக்கு. முதல் இடம் 3000 புள்ளி, 8-வது 1400, 17-வது 950. ஒருத்தர் 'ஃபால்கன்ஸ் 8லேர்ந்து 17க்கு இறங்கணும், பதிலுக்கு ஒரு நாலாம் சுற்று உரிமை வாங்கணும்'னு எழுதினார்னு வெச்சுக்கோங்க. இறங்கறதுல போறது 450 புள்ளி, அந்தப் புள்ளி 45-வது இடத்துக்குச் சமம், அதாவது ரெண்டாம் சுற்று நடுப்பகுதி. நாலாம் சுற்றோட ஆரம்பத்துலயே 100 சொச்சம் தான் தேறும். அந்த இடத்துலயே அந்தப் பரிந்துரை விழுந்துடுச்சு, எழுதினவர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி. சம்பள உச்சவரம்பு, யாரோட ஒப்பந்தம் எப்ப முடியுதுங்கறதெல்லாம் இதுக்கு மேல சேக்க வேண்டிய கணக்கு. கணிப்புக்கு இது எதுவுமே வேண்டாம், மேடையில வாசிச்ச பேரோட ஒப்பிட்டாப் போதும்.

> ஷெடூர் சாண்டர்ஸ்?

அந்த குவார்ட்டர்பேக் விஷயம் சுத்தமா கணிப்பு தவறின கேஸ். முதல் சுற்றுல போவார்னு அவ்வளவு பேர் எழுதினாங்க, 2025ல 144-வது இடம் வரைக்கும் காத்திருந்து அஞ்சாம் சுற்றுல கிளீவ்லாந்துக்குப் போனார். அதை வெச்சு அவரை முதல் சுற்றுல பரிந்துரைச்சது தப்புன்னு சொல்லிட முடியாது, அதுக்கு அவர் ஆட்டத்தைப் பாத்துட்டுத் தான் பேசணும்.

உரிமையை மாத்திக்கிட்டு வரிசையில முன்னாடி போறது 'டிரேட் அப்', பின்னாடி இறங்கறது 'டிரேட் டவுன்', இந்த ரெண்டுக்கும் 'முன்னகர்வு', 'பின்னகர்வு'ன்னு போட்டுப் பாத்தேன். 'ஏற்றம், இறக்கம்'னா விலைவாசி மாதிரி கேக்குது, அதான் விட்டேன். 'பின்னகர்வு' கொஞ்சம் தோத்து ஓடற மாதிரி தொனிக்குதோன்னு ஒரு சந்தேகம் இருக்கு, நல்லா பேரம் பேசி இறங்கறது சாமர்த்தியம் தானே, அந்தத் தொனி வர்ற சொல் யார்கிட்டயாவது இருந்தா போடுங்க, பட்டியல்ல அந்த ஒரு வரியை மட்டும் காலியா வெச்சிருக்கேன்.