கான்செப்ட் காருக்கு என்ன சொல்?

அன்பு நண்பர்களே, வணக்கம்.

1951-இல் அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் வடிவமைப்பாளர் ஹார்லி ஏர்ல் உருவாக்கிய லி சேபர் என்ற கார் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை தர வேண்டும். 'கான்செப்ட் கார்' என்ற இடத்தில் நிற்கிறேன். முன்னால் ஜெட் விமானத்தின் காற்றுவாய் போல ஒரு நீள்வட்டம், அதற்குள் விளக்குகள் ஒளிந்திருக்கும். இருக்கைகளுக்கு நடுவே மழை உணரி: துளி விழுந்தால் கூரை தானே எழுந்து மூடிக்கொள்ளும். விற்பதற்காகச் செய்த வண்டி அல்ல, புது எண்ணங்களைக் காட்டச் செய்தது. 'முன்மாதிரி' சரியா?

மதுரையிலிருந்து:
வேண்டாம் தம்பி. அப்படியே உற்பத்திக்குப் போகும் பொருளுக்குத்தான் முன்மாதிரி. திருவிழாவுக்கு முன் தேரை இழுத்துப் பார்க்கிறோமே, வெள்ளோட்டம்! 'வெள்ளோட்டக் கார்' யாருக்கும் புரியும்.

கும்பகோணத்திலிருந்து:
ஐயா, வெள்ளோட்டம் விட்ட தேர்தான் திருவிழாவிலும் ஓடும். லி சேபர் விற்பனைக்கு வரவே இல்லை. அதன் வளைந்த முன்கண்ணாடி 1953 காடிலாக் எல்டொராடோவில் வந்தது. எனவே 'கரு'தான் பொருத்தம். சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்க, மெழுகுச் சிலைமேல் வண்டல் மண்ணை மெல்லப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசுவார்கள். அதற்குக் கருக்கட்டுதல் என்றே பெயர். மெழுகு உருகி வழிந்தபின் அந்த மண்கூட்டுக்குள் உலோகம் இறங்கும். ஏர்லும் கார்களைக் களிமண்ணில் வடித்துப் பார்த்தவர். 'கருக்கார்' என்போம்.

கோவையிலிருந்து:
கருக்கார் என்றால் மழைமேகம் என்றுதான் படிப்பார்கள். கார் என்றாலே நமக்கு மேகம், மழை, கருமை எல்லாம் வந்துவிடுகிறதே! மழையை உணரும் வண்டிக்கு அது அழகுதான், ஆனால் கட்டுரை படிப்பவர் குழம்புவார். அதோடு, கார் ஆங்கிலம். 'கருத்துருச் சீருந்து' என்று முழுத் தமிழிலேயே எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் பாடநூல்களில் கான்செப்டுக்கு 'எண்ணக்கரு' என்ற சொல் வெகுகாலமாக இருக்கிறது. இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்? ஆனால் சீருந்து என்று எழுதினால் என் மாணவர்கள் பேருந்து என்று நினைக்கிறார்கள். கார் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
எல்லோருக்கும் நன்றி. 'கரு' பக்கம்தான் ஆள் அதிகம். தலைப்பில் 'கருத்துருக் கார்' என்று போடுகிறேன், முதல் பத்தியில் 'எண்ணக்கரு' என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேரம் இல்லை.

மதுரையிலிருந்து:
சரி, அனுப்புங்கள். ஆனால் ஏர்ல் அந்த வண்டியைத் தானே சாலையில் ஓட்டித் திரிந்தார். ஓடாத கருவா அது? வெள்ளோட்டம்தான் என்று இன்னும் சொல்வேன்.