விண்கலத்தில் காற்று கெட்டுப்போனால் எத்தனை மணி நேரம்?

கேள்வி: இளையோர் நாவல் ஒன்று எழுதுகிறேன். 10 கன மீட்டர் அறையில் 16 வயதுப் பெண்ணும் அவள் தம்பியும் மாட்டிக்கொள்கிறார்கள். காற்றுச் சுத்திகரிப்பு நின்றுவிட்டது. ஆக்சிஜன் எப்போது தீரும்?

பதில் 1: ஆக்சிஜன் தீரும்வரை கதை போகாது. அதற்கு முன்பே கார்பன் டை ஆக்சைடு ஆளைச் சாய்த்துவிடும். ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் வெளிவிடுவார், இருவருக்கு 40. உங்கள் அறையில் ஏழெட்டு மணி நேரத்தில் 3 சதவீதம்: தலைவலி, மூச்சிரைப்பு. பன்னிரண்டு மணி நேரத்தில் 5 சதவீதம்: குழப்பம், எளிய கணக்குகூடத் தப்பும். அப்போதும் ஆக்சிஜன் 15 சதவீதம் இருக்கும். பதறி அங்குமிங்கும் அலைந்தால் நேரம் பாதியாகக்கூடக் குறையலாம்.

பதில் 2: மின்விசிறியும் நின்றிருக்கும், அதை மறந்துவிடாதீர்கள். எடையற்ற நிலையில் சூடான மூச்சு மேலே எழாது, முகத்தைச் சுற்றியே தேங்கும். தம்பி தூங்கும்போது அவன் முகத்துக்கு நேரே அட்டையால் விசிறிக்கொண்டே அவள் விழித்திருக்கட்டும். அருமையான காட்சி அது!

பதில் 3: தப்பிக்கும் வழி லித்தியம் ஹைட்ராக்சைடு: கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் குருணை, டப்பாவில் அடைத்து வரும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.3 கிலோ வேண்டும். டப்பாவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. குருணைகளுக்கு ஊடே காற்றைச் செலுத்த வேண்டும். 1970இல் நிலவுக்குப் போகும் வழியில் பழுதான அப்பல்லோ 13 விண்கலத்தில், வட்ட டப்பாவுக்கான இடத்தில் சதுர டப்பாவைப் பிளாஸ்டிக் பை, அட்டை, உடைக் குழாய், ஒட்டுநாடா கொண்டுதான் பொருத்தினார்கள். வேலை செய்யும்போது டப்பா சூடாகும். தூள் கசிந்தால் தொண்டையையும் கண்ணையும் அரிக்கும், வாயில் ஈரத்துணி கட்டச் சொல்லுங்கள்.