சின்ன மின்சார கார்: பிரித்தவர், ஓட்டுபவர், பூட்டியவர் அனுபவங்கள்

பட்டறைக்காரன்:

சின்ன மின்சார கார்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் பல வருஷமாக என் வேலை. வண்டியைக் கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேராவது கேட்டுவிடுவார்கள்: "இதுல இன்னும் பெரிய பேட்டரியாப் போட்டுத் தர முடியுமா?" அவர்களுக்கு நின்றபடி சொல்லும் பதிலை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

பேட்டரியில் 10 யூனிட் (கிலோவாட் மணி) கூட்டினால் எடை ஏறத்தாழ 70 கிலோ கூடிவிடும். அந்த 70 கிலோவுக்காக ஸ்பிரிங் மாற வேண்டும், பிரேக் பெரிதாக வேண்டும், அடிச்சட்டம் தடிக்க வேண்டும். அதனால் இன்னும் கொஞ்சம் எடை. நின்று நின்று கிளம்பும் நகர ஓட்டத்தில் காற்றின் எதிர்ப்பு பெரிய செலவில்லை. எடைதான் மின்சாரத்தைத் தின்கிறது. ஆகவே பேட்டரியைச் சிறிதாக வைத்ததைக் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். வண்டியின் மற்ற எல்லா அளவும் அந்த முடிவிலிருந்துதான் பிறக்கிறது.

2020-இல் வந்த சிட்ரோயன் அமி என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் குட்டி மின்சார வண்டியைப் பாருங்கள். 5.5 யூனிட் பேட்டரி, உச்ச வேகம் 45 கிலோமீட்டர், ஒரு சார்ஜில் சுமார் 75 கிலோமீட்டர். ஐரோப்பாவில் எல்6இ என்ற இலகுரக நான்கு சக்கர வண்டி வகைக்கு வேகம் 45-ஐத் தாண்டக் கூடாது, பேட்டரி நீங்கலாக எடை 425 கிலோவைத் தாண்டக் கூடாது. அந்த வரம்புக்குள் வரைந்த வண்டி அது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது கதவு. இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் ஒரே கதவுதான். அதனால் ஒரு கதவு முன்பக்கக் கீலிலும் மற்றது பின்பக்கக் கீலிலும் திறக்கும். முன் பம்பரும் பின் பம்பரும்கூட ஒரே வார்ப்பு. அச்சு ஒன்று மிச்சம், கிடங்கில் வைக்கும் உதிரிபாகம் பாதி. இப்படி யோசித்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

இன்னொரு விஷயம் மின்னழுத்தம். நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்குள் இருந்தால் தொடும் ஆபத்து வெகுவாகக் குறைவு. அதனால்தான் மிகச் சிறிய வண்டிகள் 48 வோல்ட்டையே பிடித்துக்கொள்கின்றன. 2001-இல் பெங்களூரில் வந்த ரேவா என்ற சின்ன மின்சார காரும் அப்படித்தான்: 6 வோல்ட் ஈய அமில பேட்டரிகள் எட்டு, வரிசையாக. ஆனால் வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். 6 கிலோவாட் இழுக்க 48 வோல்ட்டில் 125 ஆம்பியர் ஓட வேண்டும். அதனால் கேபிள் விரல் தடிமனுக்கு வந்துவிடும், ஒவ்வொரு முனை இணைப்பும் முக்கியமாகிவிடும். "வண்டி ஏற்றத்தில் திணறுது" என்று வருகிற பலவற்றில் மோட்டார் நன்றாகவே இருக்கும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரின் முனையில், பச்சை பூத்துப்போன ஒரு லக்தான் (கேபிள் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக வளையம்) காரணமாக இருக்கும். சுரண்டி, புது லக் அழுத்தி, சரியான முறுக்கில் இறுக்கினால் பழைய இழுப்பு திரும்பிவிடும்.

மாடிவீட்டுக்காரி:

அண்ணா சொன்ன அந்த முனை இணைப்புச் சங்கதி எனக்குச் சுவரில் நடந்தது. நான் அடுக்குமாடியில் இருக்கிறேன். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு சாதாரண சாக்கெட் உண்டு, ராத்திரி அதில்தான் சார்ஜ். ஒரு நாள் காலையில் பிளக்கைப் பிடுங்கியபோது கை சுட்டது. சாக்கெட்டின் ஓட்டை ஓரம் பழுப்பேறி, பிளாஸ்டிக் கருகிய வாடை.

எலெக்ட்ரீஷியன் வந்து திறந்து காட்டினார். உள்ளே ஒரு பக்கத் திருகு விரலாலேயே சுழன்றது. வயரின் இழைகள் கறுத்துப்போயிருந்தன. அவர் போட்ட கணக்கு மனதில் நின்றுவிட்டது: அந்த இணைப்பில் 0.2 ஓம் தடை இருந்தால்கூட 10 ஆம்பியரில் 20 வாட் வெப்பம், 16 ஆம்பியரில் 51 வாட். சாக்கெட்டுக்குள்ளே ஒரு சால்டரிங் அயர்னைப் போட்டு விடியவிடிய மூடி வைத்த மாதிரி. அயர்ன் பாக்ஸும் கீசரும் விட்டுவிட்டு ஓடும், சாக்கெட் ஆற நேரம் கிடைக்கும். கார் ஏழெட்டு மணி நேரம் ஒரே மூச்சாக இழுக்கும். அதே சாக்கெட் மற்றதற்கெல்லாம் தாங்கியது என்பது இதற்கு உத்தரவாதம் ஆகாது.

மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர், மின்சாரம் அளவு மீறினால் துண்டிக்கும் தனி எம்சிபி, மின்கசிவு பார்த்துத் துண்டிக்கும் ஆர்சிசிபி, நல்ல எர்த், தொழிற்சாலை ரகச் சாக்கெட். இவ்வளவும் போட்ட பிறகு சார்ஜர் பெட்டியில் ஆம்பியரை 8-க்குக் குறைத்து வைத்தேன். மெதுவாகிவிடுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: 230 வோல்ட்டில் 8 ஆம்பியர் என்றால் 1.84 கிலோவாட். எட்டு மணி நேரத்தில் சுவரிலிருந்து 14 யூனிட்டுக்கு மேல் வரும். சார்ஜரில் வீணாவது போக 12 யூனிட் பேட்டரிக்குப் போகும் என்று வைத்தால், சின்ன வண்டிக்கு அது நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரே ராத்திரியில்! வேகச் சார்ஜர் இல்லையே என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

லைன்ல இருந்தவன்:

நான் தொழிற்சாலையில், செல்களைச் சேர்த்து பேட்டரி பேக் பூட்டும் லைனில் வேலை பார்த்தவன். வெளியே யாருக்கும் தெரியாத இடத்தில்தான் அங்கே பொழுதெல்லாம் போகும்.

செல்கள் முழு சார்ஜோடு வராது. வந்ததும் ஒவ்வொன்றின் வோல்ட்டேஜும் உள்தடையும் அளந்து, ஒத்துப்போகிறவற்றை ஒரே குழுவில் சேர்ப்போம். வரிசையில் ஒரு செல் பலவீனமாக இருந்தால் பேக் முழுவதும் அதன் அளவுக்குத்தான் வேலை செய்யும். அதனால் இதில் அவசரமே கூடாது. அடுத்து பஸ்பார், அதாவது செல்களை இணைக்கும் உலோகப் பட்டை. போல்ட் போடுகிற பேக்கில், முறுக்கு அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்றதும் போல்ட் தலையில் ஒரு பெயின்ட் கோடு. பின்னால் யாராவது மூடியைத் திறந்தால், கோடு விலகியிருந்தாலே போல்ட் தளர்ந்தது தெரிந்துவிடும். மூடி ஒட்டியபின் உள்ளே காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்போம். மழைநீர் புகக் கூடாதல்லவா.

எனக்குப் பிடித்த இடம் கடைசிச் சோதனை. வீட்டு மாறுமின்சாரத்தில் (ஏசி) ஓடும் சார்ஜர் கேபிளில் மின்சாரம் உடனே வராது. பைலட் என்ற ஒரு மெல்லிய கம்பியில் முதலில் பேச்சு நடக்கும். சும்மா இருக்கும்போது 12 வோல்ட். வண்டியில் சொருகியதும் 9. வண்டி 'தயார்' என்றதும் 6. அதே கம்பியில் விநாடிக்கு ஆயிரம் முறை வரும் துடிப்பின் அகலத்தை வைத்து, எவ்வளவு ஆம்பியர் எடுக்கலாம் என்று சார்ஜர் சொல்லும். 10 சதவீத அகலம் என்றால் 6 ஆம்பியர், 50 என்றால் 30. இதெல்லாம் ஒத்துவந்த பிறகே கான்டாக்டர் என்ற பெரிய மின்சுவிட்ச் 'டக்'கென்று சேரும். அந்தச் சத்தம் வராத பேக்கை அனுப்ப மாட்டோம். வீட்டில் சொருகியும் சார்ஜ் ஏறவில்லை என்றால், முதலில் அந்த 'டக்' கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள்.

புதுசு:

அண்ணே, என் வண்டியில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. தினமும் 100 சதவீதம் வரை ஏற்றலாமா? குளிரில் மீட்டர் வேகமாக இறங்குகிறதே, பேட்டரி போய்விட்டதா?

பட்டறைக்காரன்:

தம்பி, பேட்டரி போயிருக்காது. நகரத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் சராசரியில் போகிற சின்ன வண்டிக்கு ஓட்டச் செலவு மணிக்குச் சுமார் 2.5 யூனிட். வண்டிக்குள் இருக்கும் ஹீட்டர் மணிக்கு 1.5 யூனிட் தின்றால் மொத்தம் 4. அப்படியென்றால் நூறு கிலோமீட்டர் போகிற இடத்தில் அறுபத்துச் சொச்சம்தான் போவாய். வண்டி பிளக்கில் இருக்கும்போதே உள்ளே சூடாக்கிவிட்டுக் கிளம்பு. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், அதனால் நல்ல வண்டிகள் தாமே மெதுவாக்கும் அல்லது நிறுத்தும். அதோடு சண்டை போடாதே.

100-ஐப் பற்றி: விஞ்ஞானி ஜான் குட்இனஃப் குழு 1997-இல் வெளியிட்ட இந்த ரசாயனத்தில் ஒரு செல்லின் வோல்ட்டேஜ் 3.2-ஐ ஒட்டி நெடுந்தூரம் மட்டமாகவே போகும். நடுவில் எவ்வளவு மிச்சம் என்று வண்டியால் சரியாகக் கணிக்க முடியாது. அவ்வப்போது முழுசாக ஏற்றினால்தான் மீட்டர் தன்னைத் திருத்திக்கொள்ளும், செல்களும் சமமாகும். உன் வண்டியின் கையேடு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்கிறதோ அதைப் பின்பற்று. மாதக்கணக்கில் ஓட்டாமல் போடுவதானால் பாதி சார்ஜில் விடு. தனி 12 வோல்ட் பேட்டரி இருந்தால் அதையும் பார்த்துக்கொள். அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கான்டாக்டர் சேராது.